டோக்கன் இல்லாத குறடு

செல்வராசு போன் செய்தபோது என் கையில் பாதி வளைத்த செம்புக் கம்பி இருந்தது. பாதியில் விட்டால் வளையம் கோணிக்கொள்ளும். அதனால் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வளையத்தை மூடி முடித்த பிறகுதான் "சொல்லுப்பா" என்றேன். நான் ஓய்வு பெற்ற பிறகு டூல் ரூமில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவன்.

"அக்கா, டூல் ரூமுக்கு மெஷின் வந்துருச்சு. வெரல வச்சாத் தொறக்குது. யாரு எடுத்தா, எப்ப எடுத்தான்னு அதுவே பதிஞ்சுக்குது. போர்டைக் கழட்டச் சொல்லிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. இனிமே உக்காந்துக்கிட்டே தூங்கலாம்."

"அதுக்கில்லக்கா. எல்லார் டோக்கனையும் பிரிச்சுக் குடுத்துட்டேன். ஒரே ஒரு கொக்கியில மட்டும் ஒண்ணு தொங்குது. ரவுண்ட் நோஸ் குறடு மாட்டுற எடம். நம்பரு சைபர்னு இருக்கு. சைபர் நம்பர்ல நம்ம பிளான்ட்ல யாருக்கா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த என் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அதத் தொடாத. நாளைக்கு நானே வரேன்," என்றேன்.

சிரித்த காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், என் வேலை என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும். அரியலூர்ப் பக்கம் உள்ள ஒரு சிமெண்ட் ஆலையில் நான் டூல் ரூம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பாவின் மானாவாரிக் காடு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போனபோது, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். அண்ணன் அதற்குள் வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டான். "பொம்பளப் புள்ளைய எங்க போடுறது?" என்று ஆபீஸில் யோசித்து, இரும்புச் சாமான்களுக்கு நடுவில் போட்டார்கள். முதல் நாள் ஒரு ஃபிட்டர் வந்து, "அக்கா, பதினேழு பத்தொம்போது குடுங்க" என்றார். நான் வாய்க்குள் பெருக்கல் வாய்பாடு சொல்லிப் பார்த்தேன். அது ஸ்பானரின் அளவு. அந்த வாரம் முழுக்க ஆலையே என்னைப் பார்த்தால் வாய்பாடு கேட்டது. ஆறு மாதத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் கனத்தை வைத்தே சாமான் பெயர் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

டூல் ரூமின் நடைமுறை எளிது. சுவர் முழுக்க ஒரு பெரிய போர்டு. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கொக்கி. கொக்கிக்குக் கீழே அந்தச் சாமானின் உருவம் கறுப்புப் பெயிண்டில் வரைந்திருக்கும். சாமான் இல்லாவிட்டால் அதன் நிழல் மட்டும் தெரியும். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கன்கள் உண்டு. எட்டணாக் காசைவிடச் சற்றுப் பெரியது, மேலே ஓட்டை இருக்கும். டோக்கனைக் கொடுத்தால் சாமான் கிடைக்கும், டோக்கன் அந்தக் கொக்கியில் தொங்கும். சாமான் திரும்பினால் டோக்கன் திரும்பும். ஆக ஒரு கொக்கியில் எப்போதும் இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டும். இரண்டும் இல்லாத கொக்கியை நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பார்த்ததில்லை, அந்த ஒரு நாள் வரை.

ஜன்னலில் ஒரு வேப்பம் பலகை உண்டு. சாமானை அதில் வைப்பேன், எடுத்துக்கொள்வார்கள். கைக்குக் கை கொடுப்பதில்லை. இரும்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கத்திரிக்கோலைக்கூட எங்கள் வீட்டில் கீழே வைத்துத்தான் எடுப்போம். நானூறு பேருக்கு நாள் முழுக்க இரும்பு கொடுக்கிறவள் நான். கையில் கொடுத்திருந்தால் ஊரில் யாரோடும் பேச்சுவார்த்தை இருந்திருக்காது.

என் மேலதிகாரி சவரிமுத்து சார், மெக்கானிக்கல் ஃபோர்மேன். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. நல்ல மனநிலையில் இருந்தால் "டேய்" என்பார், "வாடா போடா" என்பார். கோபம் வந்தால் 'ங்க' வந்துவிடும். "நீங்க செஞ்சது ரொம்ப நல்லாருக்குங்க" என்று அவர் சொன்னால், கேட்டவனுக்கு அன்று சோறு இறங்காது. திரும்பி வரும் குறடு ஒவ்வொன்றையும் காதருகே வைத்து, திறந்து மூடித் திறந்து மூடிக் கேட்பார். "மண்ணு போயிருக்கு. எண்ணெ விடு" என்பார். என் காதுக்கு ஒன்றும் கேட்காது. ஆனாலும் நானும் காதில் வைத்துத் தலையாட்டப் பழகிக்கொண்டேன். அவருக்கு ஒரே ஒரு வேதம்தான்: "டூல் வராம மூடி மூடாது."

அதன் அர்த்தம் இது. கில்ன் என்று ஒரு நீண்ட உருளை உலை, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுப்பது. அதைச் சுழற்றுவது ஒரு பெரிய கியர் பாக்ஸ். வருடத்துக்கு ஒரு முறை ஷட்டவுன் என்று எல்லாவற்றையும் நிறுத்தி, மூடியைக் கழற்றிப் பழுது பார்ப்பார்கள். உள்ளே ஒரு ஸ்பானரோ ஒரு திருப்புளியோ விழுந்து கிடக்க, மூடியை மூடி ஓட்டிவிட்டால் பல்லெல்லாம் உடைந்து ஆலையே படுத்துவிடும். அதனால் மூடும் முன் சவரிமுத்து சார் போர்டின் முன்னால் நின்று ஒவ்வொரு சாமானாகப் பெயர் சொல்வார். நான் "வந்துருச்சு, வந்துருச்சு" என்பேன். பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்வது போலத்தான் இருக்கும்.

இனி நகைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். குன்னம் பக்கமெல்லாம் போர் மோட்டார் புகைந்தால் அவர் கடைக்குத்தான் வரும். ஷிஃப்ட் முடிந்து கடையில் அவருக்காகக் காத்திருக்கும் நேரத்தில், வெட்டிப் போட்ட செம்புக் கம்பித் துண்டுகளை விரலால் முறுக்கிக்கொண்டிருப்பேன். எங்கள் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுக்காரர்கள் ரவுண்ட் நோஸ் குறடால் கம்பி முனையை வளையமாகச் சுருட்டி, ஸ்குரூவில் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதையே கொஞ்சம் சின்னதாகச் சுருட்டி, நடுவில் ஒரு பாசி கோத்தால் தோடு ஆகாதா என்று தோன்றியது. ஆனது. முதல் ஜோடியை மாட்டிக்கொண்டு காட்டினேன்.

"ஏன்டி, ரெண்டு காதுக்கும் கனெக்சன் குடுத்துட்ட. சுவிட்ச் எங்க?" என்றார் வீட்டுக்காரர்.

அன்றிலிருந்து பிடித்த பித்து இன்னும் விடவில்லை. ஆனால் ஒன்று. ஆலைக் குறடு அனுமதி இல்லாமல் ஒரு நாள்கூட என் பைக்குள் போனதில்லை. எனக்கென்று சொந்தமாக வாங்கினேன். இப்போது எங்கள் தெருப் பெண்கள் போனில் முப்பது சாமான் செட்டைக் காட்டி, "இத வாங்கட்டுமா அத்தை?" என்கிறார்கள். முப்பதில் இருபத்தாறு பெட்டிக்குள்ளேயே கிழடாகிவிடும். வேண்டியது மூன்று குறடும் ஓர் அரமும்தான். ரவுண்ட் நோஸ், அதன் இரண்டு மூக்கும் கூம்பாக இருக்கும். நுனியில் சுற்றினால் சின்ன வளையம், அடியில் சுற்றினால் பெரிய வளையம். எந்த இடத்தில் சுற்றினோம் என்று மூக்கில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் ஜோடித் தோட்டில் இரண்டு வளையமும் ஒன்றாக இருக்கும். இரண்டாவது தட்டை மூக்கு, பிடித்துக்கொள்ள. அதற்குப் பல் இருக்கக் கூடாது. பல் இருந்தால் கம்பியைக் கடித்து வைக்கும். மூன்றாவது கட்டர். அதில் ஒரு பக்கம் மட்டமாக வெட்டும், மறுபக்கம் கூராக விடும். மட்டமான பக்கம் எப்போதும் நகையைப் பார்த்திருக்க வேண்டும். அரம், காதுக்குள் போகும் முனையை மழுக்க. முனையைச் சேலை முந்தானையில் தேய்த்துப் பாருங்கள். நூலை இழுத்தால் காதையும் இழுக்கும். கூடுதல் ஆடம்பரம் வேண்டுமானால், நான் அரும்பாவூரில் மரச்சிற்பம் செய்கிறவரிடம் சொல்லிக் கடைந்து வாங்கியது போல, மோதிர அளவுக்கு ஒரு கூம்புக் கட்டை. அவ்வளவுதான்.

என் காதில் தொங்கியதைப் பார்த்து ஆலைக் குடியிருப்புப் பெண்கள் தங்களுக்கும் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். சனிக்கிழமை மத்தியானம் லேடீஸ் கிளப்பில் வகுப்பு. முன்னால் நின்று ஏற்பாடு செய்தவர் ஜி.எம். சாரின் மனைவி பத்மா மேடம். முதல் வகுப்பன்றே குறடு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒருவர் கையிலும் இல்லை. சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாதாம். வெள்ளிக்கிழமை லட்சுமி வரும் நேரத்தில் இரும்பு எதற்கு என்று அன்றும் வாங்கவில்லையாம். வீட்டில் இருந்ததை எடுத்து வந்திருந்தார்கள். கணவன்மார்களின் பெரிய கட்டிங் பிளையர், நகம் வெட்டி, புருவம் பிடுங்கும் சாமணம். ஒருவர் மாமியாரின் பாக்குவெட்டியைக் கொண்டுவந்து கம்பியை வெட்டினார். கம்பி வெட்டுப்படவில்லை, பாக்குவெட்டிதான் வெட்டுப்பட்டது. அந்த வீட்டில் அதற்கப்புறம் நடந்தது எனக்குத் தெரியும், ஆனால் இங்கே வேண்டாம்.

பல் உள்ள குறட்டுக்கெல்லாம் மூக்கில் பிளாஸ்திரி சுற்றச் சொல்லிக்கொடுத்தேன். கம்பி வளையத்தைத் திறக்கும்போது இரு பக்கமும் இழுத்து அகட்டக் கூடாது, ஒரு முனை முன்னால், ஒரு முனை பின்னால் என்று திருக வேண்டும், அப்போதுதான் மூடும்போது வட்டம் வட்டமாகவே இருக்கும் என்று நூறு தடவை சொன்னேன். நூற்றொன்றாவது தடவையும் அகட்டினார்கள். மெல்ல மெல்ல எல்லோரும் சொந்தமாகக் குறடு வாங்கினார்கள். பத்மா மேடத்துக்கு மட்டும் அமைந்ததெல்லாம் மூக்கு ஆடுகிற குறடு. "வசந்தா, எனக்கு ஒரு நல்ல ரவுண்ட் நோஸ் அமையவே மாட்டேங்குது" என்று வாராவாரம் அலுத்துக்கொள்வார். சரியான குறடு அமைவதும் ஒரு ராசிதான் என்று நானும் ஆறுதல் சொல்வேன்.

அந்த வருட ஷட்டவுன் வந்தது. வகுப்புக்கு விடுமுறை விட்டோம். ஆலைக்குள் இரவும் பகலும் வேலை. கடைசி நாள் காலையில் கியர் பாக்ஸ் வேலை முடிந்தது. மூடி சங்கிலியில் தொங்கிக்கொண்டு தயாராக நின்றது. மத்தியானம் உலையைப் பற்றவைக்க ஏற்பாடு. சவரிமுத்து சார் வழக்கம்போல் போர்டு முன்னால் நின்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் "வந்துருச்சு" சொல்லிக்கொண்டே வந்தேன்.

"ரவுண்ட் நோஸ், மூணாம் நம்பர்."

நிமிர்ந்து பார்த்தேன். கொக்கியில் குறடு இல்லை. டோக்கனும் இல்லை. கறுப்பு நிழல் மட்டும் இருந்தது.

"வசந்தா?"

"இல்ல சார்."

"டோக்கன்?"

"டோக்கனும் இல்ல சார்."

அவர் அந்த நிழலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "தேடிப் பாருங்கம்மா" என்றார். 'ங்க' வந்துவிட்டது.

டிராயர், பெஞ்சுக்கு அடி, கழிவுத்துணிப் பெட்டி என்று எல்லாவற்றையும் கவிழ்த்தேன். இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் தங்கள் பைகளைக் கொட்டிக் காட்டினார்கள். கியர் பாக்ஸுக்குள் நூலில் கட்டிய காந்தத்தை இறக்கி மூலை மூலையாகத் துழாவினார்கள். இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது, குறடு வரவில்லை. மணி ஆக ஆக டூல் ரூம் வாசலில் கூட்டம் சேர்ந்தது. வேலை முடிந்து நிற்கிற ஆண்களுக்கு வேறென்ன வேலை. பேச்சு தொடங்கியது. காண்டிராக்ட் ஃபிட்டர் ஒருவன் என் காதுபடவே சொன்னான்.

"டோக்கன் போடாம எடுக்கணும்னா உள்ள இருக்குற ஆளுதான் எடுக்கணும். காணாமப் போனது நகை செய்யுற குறடு. இதுக்கு ஜோசியம் வேற பாக்கணுமா?"

யாரும் அவனை மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. கணக்கு எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்று எனக்கே தெரிந்தது. நான் அவன் இடத்தில் இருந்தால் நானும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். வருடக்கணக்காகக் காது குளிர "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டவர்கள் அன்று என் கைப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது. கோபம் முந்திக்கொண்டதால் அழவில்லை.

அதற்குள் ஜி.எம். சார் வந்துவிட்டார். சென்னைக்காரர், நல்ல மனுஷன், ஆனால் அவசரக்காரர். "என்ன சவரிமுத்து, ஏன் இன்னும் மூடல?" என்றார்.

"ஒரு டூல் வரலைங்க சார்."

"என்ன டூல்?"

"இன்ஸ்ட்ருமென்ட் குறடுங்க."

"ஒரு குறடுக்காகக் கில்ன நிறுத்தி வைக்க முடியுமா? அது இங்கதான் எங்கயாவது இருக்கும். மூடுங்க."

"டூல் வராம மூடி மூடாதுங்க சார். நீங்க எழுதிக் குடுத்தா, வேற ஆள வச்சு மூடிக்கங்க. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன்."

ஜி.எம். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சவரிமுத்து சார் என் பக்கம் திரும்பினார். "வசந்தாம்மா, உங்க பையத் தொறந்து காட்டுங்கன்னு நான் கேக்க மாட்டேங்க" என்றார். கேட்டிருந்தால்கூடத் தேவலை. நானாகவே பையைப் பலகையில் கவிழ்த்தேன். டிபன் பாக்ஸ், குடை, பஸ் பாஸ், பாதி தின்ற கடலை மிட்டாய். "என் குறடெல்லாம் கிளப் அலமாரியில இருக்கு. கொண்டாரச் சொல்லுங்க. ஆலைச் சாமான்ல நம்பர் குத்தியிருக்கும், என்னோடதுல இருக்காது. எல்லாரும் பாருங்க" என்றேன். செக்யூரிட்டி ஒருவர் கிளப்புக்குப் போனார்.

அவர் என் குறடுகளை மட்டும் கொண்டுவருவார் என்று நினைத்தேன். வந்தது ஒரு ஊர்வலம். முன்னால் செக்யூரிட்டி, அவர் பின்னால் குடியிருப்புப் பெண்கள் அத்தனை பேரும், கையில் ஆளுக்கொரு பை. பாதுகாப்புத் தொப்பி இல்லாமல் உள்ளே விட முடியாது என்று கேட்டில் சொன்னதால், எல்லோர் தலையிலும் விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் மஞ்சள் தொப்பி. மல்லிகைப்பூவுக்கு மேல் உட்கார மாட்டேன் என்று தொப்பிகள் ஆடிக்கொண்டிருந்தன. பத்மா மேடம்தான் பேசினார்.

"வசந்தா மேல சொன்னா நாங்க சும்மா இருப்போமா? வகுப்புல எல்லார் குறடும் ஒரே மேஜையிலதான் கிடக்கும். எங்களுக்குள்ள எதாவது மாறிப் போயிருந்தா அதையும் பாத்துடலாம். ஒண்ணு விடாம எல்லாத்தையும் கொண்டுவந்துட்டோம்."

"பலகையில வைங்கம்மா" என்றேன். ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். பிளாஸ்திரி சுற்றிய குறடு, பிடி உடைந்து நூல் கட்டிய குறடு, விளக்கெண்ணெய் வாசனை அடிக்கிற குறடு. சவரிமுத்து சார் ஒவ்வொன்றையும் எடுத்து, கண்ணால் பார்ப்பதற்கு முன் காதில் வைத்துக் கேட்டார். பழக்கதோஷம். கடைசியாகப் பத்மா மேடம், ஜிமிக்கி டப்பா ஒன்றைத் திறந்து, பஞ்சில் படுத்திருந்த ஒரு குறடை எடுத்து வைத்தார்.

சார் அதைக் காதில் வைத்தார். ஒரு தடவை திறந்தார், மூடினார். அடுத்த தடவை திறக்கவில்லை. என் பக்கம் பலகையில் வைத்துத் தள்ளினார். ஆணி மூட்டுக்குப் பக்கத்தில் பார்த்தேன். மூணு என்று குத்தியிருந்தது.

எனக்குச் சத்தியமாக என்ன செய்வதென்று தெரியவில்லை. சொன்னால், எனக்காகத் தொப்பி போட்டுக்கொண்டு வந்த அந்த அம்மாவைத் திருடியாக்க வேண்டும். சொல்லாவிட்டால் நான் திருடி. மூடி சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது. குறடை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன். "ரவுண்ட் நோஸ் மூணாம் நம்பர், வந்துருச்சு சார்" என்றேன்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பத்மா மேடம் விடவில்லை.

"வசந்தா, அது என்னோடது. அத எதுக்கு அங்க மாட்டறே? என் பிறந்தநாளுக்கு இவர் சென்னையில ஆள் வச்சுத் தேடி வரவழைச்சது."

எல்லோரும் 'இவர்' பக்கம் திரும்பினோம். ஜி.எம். சார் கொக்கியைப் பார்த்தார், குறடைப் பார்த்தார், அதற்குக் கீழே அச்சு அசலாக அதே உருவத்தில் இருந்த கறுப்பு நிழலைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. நடந்தது அப்புறம்தான் தெரிந்தது. ஷட்டவுனில் மாட்டிக்கொண்டு மனுஷனுக்கு மனைவியின் பிறந்தநாள் மறந்துபோயிருக்கிறது. முந்தின நாள் ராத்திரி வீட்டுக்குப் போகிற வழியில் டூல் ரூமைக் கடந்தபோது, நான் சாப்பிடப் போயிருந்த நேரம், கொக்கியில் இது மினுமினுத்திருக்கிறது. மனைவி வாராவாரம் புலம்பும் சாமான். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜி.எம்.முக்கு டோக்கன் கிடையாது. ஆலையே அவருடையது என்றிருக்கும்போது டோக்கன் போட வேண்டும் என்று எப்படித் தோன்றும்? அவர் கணக்கில் அது டூலே இல்லை, வளையல் கடைச் சாமான்.

"என்னங்க, சொல்லுங்க" என்றார் பத்மா மேடம்.

"அது… இங்கேருந்துதான் எடுத்தேன்."

"சென்னையில ஆள் வச்சுத் தேடினேன்னு சொன்னீங்களே?"

வாசலில் நின்ற நூறு ஆண்களுக்கும் திடீரென்று கூரையில் பார்க்க ஏதோ கிடைத்துவிட்டது. ஒருவன் சுத்தமாக இருந்த ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தான். அந்தக் காண்டிராக்ட் ஃபிட்டர் நழுவப் பார்த்தான், நான் விடவில்லை. "நில்லுங்க தம்பி, ஜோசியம் பாக்க வேணாமா?" என்றேன். கோபத்தில் 'ங்க' போடுவது எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜி.எம். சாரை ஒன்றுக்குப் பாராட்ட வேண்டும். பல்லைக் காட்டிச் சமாளித்துவிட்டுப் போகவில்லை. பலகைக்கு முன்னால் வந்து நின்று, பின்னால் நிற்பவனுக்கும் கேட்கும்படி சொன்னார். "வசந்தா எடுக்கல. நான் எடுத்தேன். டோக்கன் போடாம எடுத்தேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வந்ததை அடக்கவில்லை. குடியிருப்புப் பெண்களில் நாலு பேர் கூட அழுதார்கள். தொப்பிகள் கீழே விழுந்தன.

சவரிமுத்து சார் டிராயரிலிருந்து வெறும் பித்தளை வில்லை ஒன்றை எடுத்துப் பட்டடை மேல் வைத்தார். சுத்தியலையும் எண் குத்தும் அச்சுகளையும் எடுத்துக்கொண்டு, "இனிமே உங்களுக்கும் ஒண்ணு இருக்கட்டுங்க சார். என்ன நம்பர் போடட்டுங்க?" என்றார்.

ஜி.எம். சார் மனைவியைப் பார்த்தார். மனைவி இவரைப் பார்க்கவில்லை. "பூஜ்யம் போடுங்க. இன்னைக்கு என் மதிப்பு அவ்வளவுதான்" என்றார். முதலில் சிரித்தது பத்மா மேடம்தான். அதன் பிறகு எல்லோரும் சிரித்தோம். ஒரே அடியில் பூஜ்யம் விழுந்தது. மூடி மூடியது. உலை சாயங்காலம் பற்றியது.

அந்த மனுஷனும் சும்மா இல்லை. அடுத்த மாதம் நிஜமாகவே சென்னைக்குப் போய் ஒரு ரவுண்ட் நோஸ் வாங்கி வந்தார். வீட்டுக்குப் போகும் முன் டூல் ரூமுக்கு வந்து சவரிமுத்து சாரின் காதுக்கு அதைக் காட்டிச் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் போனார். எங்கள் ஆலையில் டோக்கன் போட்டுச் சாமான் எடுத்த ஒரே ஜி.எம். அவர். ஒரு டெஸ்டர் வேண்டுமென்றாலும் வரிசையில் நிற்பார்.

அவருக்கு மாற்றல் வந்தபோது கடைசி நாள் ஜன்னலுக்கு வந்தார். பூஜ்யம் டோக்கனைப் பலகையில் வைத்து, "ரவுண்ட் நோஸ் மூணாம் நம்பர் குடுங்க" என்றார். எடுத்து வைத்தேன். டோக்கனைக் கொக்கியில் மாட்டினேன். அவர் குறடை எடுத்து, காதில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் பலகையில் என் பக்கம் தள்ளினார். கூடவே ஒரு கேட் பாஸ்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும் வசந்தா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. என் டோக்கன் அங்கயே தொங்கும். எப்பவாவது யாராவது கேட்டா, ஜி.எம். எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க."

அந்தக் குறடுதான் செல்வராசு போன் செய்தபோது என் கையில் இருந்தது.

மறுநாள் காலையில் அரியலூர் பஸ் ஏறினேன். டூல் ரூமில் பலகை அப்படியே இருந்தது, போர்டு பாதி கழன்றிருந்தது. மெஷின் வெள்ளை வெளேரென்று பீரோ மாதிரி நின்றது. என் விரலை வைத்துப் பார்த்தேன். அது என்னை அறியாது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. நான் குறடைப் பலகையில் வைத்தேன்.

"டூல் வந்துருச்சு. டோக்கனக் குடு, கணக்க முடிச்சுக்கலாம்."

செல்வராசு தலையைச் சொறிந்தான். "அக்கா, மெஷின்ல ரவுண்ட் நோஸுக்கு எடமே இல்லக்கா. இப்பல்லாம் யாரும் கம்பிய சுருட்டுறதில்ல, முனையில லக்குன்னு ஒரு வளையத் தகட்ட வச்சு அமுக்கிடுறாங்க. இத வாங்கி நான் எங்க வைக்கிறது? நீங்களே வச்சுக்கங்க. டோக்கனையும் எடுத்துக்கங்க."

"ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாதுடா. டூல் என்கிட்டன்னா, டோக்கன் இங்க தொங்கணும்."

"எங்கக்கா தொங்கும்? இதுல கொக்கியே இல்லையே."

அது நியாயமான கேள்விதான். பையிலிருந்து ஒரு சாண் கம்பி எடுத்தேன். மட்டமான பக்கம் பார்த்து வெட்டினேன். மூணாம் நம்பர் குறடின் நுனியில் ஒரு சின்ன வளையம் சுருட்டி, அதில் பூஜ்யம் டோக்கனைக் கோத்து மூடினேன். மறுமுனையை அவன் பேனாவில் சுற்றி வளைத்து, அரத்தால் மழுக்கி, முந்தானையில் தேய்த்துப் பார்த்தேன். நூல் இழுக்கவில்லை. மெஷினின் கைப்பிடியில் மாட்டிவிட்டேன். லேசாக ஆடியது.

"என்னக்கா இது?"

"கம்மல். மொட்டையா நிக்குது பாவம்."

அவன் சிரித்துக்கொண்டே டோக்கனைத் திருப்பிப் பார்த்தான். "யாராச்சும் இது என்னான்னு கேட்டா நான் என்னக்கா சொல்றது?"

குறடைப் பலகையிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பத்தரை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"ஜி.எம். எடுத்துட்டுப் போயிட்டாருன்னு சொல்லு."